துணுக்காயில் உருகிய சைபீரியா

ஆர்க்டிக்கில் நிலம் உருகுகிறது என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு, கவிழ்த்து வைத்த ஒரு சைக்கிள் வழியாக வந்தது.

போர்த் தடையால் வன்னிக்குள் பற்றரி வராத காலம் அது. செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் றேடியோவுக்குப் போகும். சுற்றுவது என் வேலை. குனிந்து காது கொடுப்பது அப்பாவின் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் அமுங்கிப்போகும்.

அப்போது நாங்கள் துணுக்காயில் இருந்தோம். வட்டக்கச்சியில் அப்பாவுக்கு வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல் இருந்தது. சண்டை கிட்ட வந்தபோது, அறுவடைக்கு நின்ற அந்த வயலை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தோம். அதனால் எங்கள் ஊர்ப் பக்கச் செய்திகளைத்தான் அப்பா கேட்பார். அது முடிந்தால் போதும் என்பார்.

அன்று மாலையும் அப்படித்தான். சண்டைச் செய்தி முடிந்தது. அடுத்து வந்தது வேறு எங்கோ ஒரு செய்தி. வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில், வருடம் முழுவதும் கல்லாக உறைந்து கிடக்கும் நிலம் இளகத் தொடங்கியிருக்கிறதாம். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் வீடுகள் சாய்கின்றனவாம், தெருக்கள் தாழ்கின்றனவாம். பூமி சூடாகிக்கொண்டு வருவதுதான் காரணமாம்.

"காணும், விடு பிள்ளை," என்றார் அப்பா. "எங்கட செய்தி முடிஞ்சுது."

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா. இதையும் கேப்பம்."

"கை நோகேல்லையோ?"

"நோகுது. கேப்பம்."

அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். நான் தனியாகச் சுற்றிக்கொண்டே கேட்டேன். சுற்றிக்கொண்டிருந்ததால் காதைக் கிட்டக் கொண்டுபோக முடியவில்லை. பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே என்னை விடவில்லை.

அந்த வருடம் நான் உயர்தர வகுப்பில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்கள் பின்னேரங்களில் இன்னொரு பள்ளிக்கூடத்தின் வளவில் நடக்கும். கிடுகுக் கொட்டில், மண் தரை, மரக்குற்றியில் அறைந்த பலகைகள். என் பக்கத்தில் இருந்தவள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவள். கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். கடலைவிட்டு வந்தபின் அவளுடைய தகப்பன் காட்டில் விறகு வெட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்றார். ஆனால் வலையை மட்டும் அவர் கைவிடவில்லை. குடும்பம் எந்த இடத்துக்கு எழும்பிப் போனாலும் வலையும் கூடவே போனது. மகளுக்கும் அந்தப் பிடிவாதம் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் இருப்பாள்.

எங்களுக்குப் புவியியல் படிப்பித்த சேர் நல்ல மனிதர். தூரத்திலிருந்து சைக்கிளில் வருவார், வந்ததும் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவார். நான் செய்தி கேட்ட அடுத்த கிழமை, குளிர்வலயப் பாடத்துக்கு வந்ததும் அவர் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார்.

"இதை விட்டிட்டுப் பருவக்காற்றுக்குப் போவம்."

என் தோழி எழுந்தாள். "ஏன் சேர் விடுறியள்?"

"சோதினையில பெரிசா வராது பிள்ளை. அதோட, ஐசையே காணாத உங்களுக்கு இதை நான் எப்பிடி விளங்கப்படுத்திறது?"

"நான் கண்டிருக்கிறன் சேர். எங்கட மீன்வாடிக்கு லொறியில வரும். மீனுக்குப் போடுறது."

வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் நானும் எழுந்து, றேடியோவில் கேட்டதைச் சொன்னேன். சேர் சிரிப்பதை நிறுத்தினார். திரும்பவும் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்தார். நிரந்தரமாக உறைந்த நிலம் என்று அதில் இருந்தது.

"புத்தகத்தில நிரந்தரம் எண்டெல்லோ போட்டிருக்கு," என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல.

"எங்கட நிவாரண அட்டையிலயும் நிரந்தர முகவரி எண்டுதான் சேர் போட்டிருக்கு," என்றாள் அவள்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சேர் சோக்கட்டியை எடுத்துப் பலகையில் நிலத்தின் குறுக்குவெட்டை வரையத் தொடங்கினார். மேலே கோடையில் இளகும் மெல்லிய மண், கீழே இளகாத மண். அந்தக் கிழமை முழுவதும் அந்தப் பாடம்தான் நடந்தது.

மார்கழியில், கல்விக் கந்தோரிலிருந்து கண்காட்சி ஒன்று வைக்கப்போவதாகச் சொன்னார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் பங்கெடுக்க வேண்டும். நானும் என் தோழியும் உருகும் உறைநிலத்தைக் காட்டப்போவதாகப் பெயர் கொடுத்தோம். அதைப் பார்த்த கல்வி அதிகாரி நேரே எங்கள் கொட்டிலுக்கே வந்துவிட்டார். இறுக்கமான முகம், ஆனால் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய கண்ணிலும் காய்ச்சல் மஞ்சள் இருந்தது.

"இஞ்ச மலேரியாவில சனம் விழுகுது. குடிக்கத் தண்ணி இல்லை. நீங்கள் எங்கயோ கிடக்கிற பனியைப் பற்றிக் கண்காட்சி வைக்கப் போறியளோ? இது எங்கட பிரச்சினையே?"

 பெரியவர்களோடு எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன்.

"எங்கட பிரச்சினை எது எண்டு எங்களுக்குத் தெரியும் சேர். அது எங்களை ஒரு நாளும் விடாது. ஆனா அதை மட்டும்தான் நாங்கள் யோசிக்க வேணும் எண்டு ஏன் சொல்லுறியள்?"

அதிகாரி புவியியல் சேரைப் பார்த்தார். சேர் சால்வையைத் தோளில் சரிசெய்தபடி, "பிள்ளையள் செய்ய விரும்புகினம். செய்யட்டும்," என்றார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, உள்ளே ஒரு மூலையில் இடம் தருவதாகச் சொல்லிப் போனார்.

இடம் கிடைத்துவிட்டது. பனிக்கு எங்கே போவது? மின்சாரம் இல்லாத ஊரில் ஐஸ் என்பது பேச்சில் மட்டும்தான் இருந்தது.

அதற்கு வழி எங்கள் குசினியிலேயே இருந்தது. மண்ணெண்ணெய் மருந்துபோல் ஆகிவிட்ட காலத்தில் அம்மா இலுப்பெண்ணெயில்தான் விளக்கு எரித்தார். மார்கழிக் குளிரில் அது போத்தலுக்குள் நெய்போல உறைந்துவிடும். ஒரு காலை, நான் போத்தலுக்குள் ஈர்க்கை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தபோது என் தோழி வந்தாள். போத்தலை வாங்கி வெயிலில் பிடித்தாள். சிறிது நேரத்தில் ஓரம் இளகி எண்ணெய் ஓடத் தொடங்கியது.

"எடி," என்றாள் மெதுவாக, "இது உறையுது, உருகுது. எங்களுக்கு வேற என்ன வேணும்?"

அம்மாவிடம் கேட்டபோது அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"விளக்குக்கு என்ன செய்யிறது?"

"நாங்கள் பகலில படிக்கிறம் அம்மா."

"சமையல்?"

"வெள்ளெனச் சமைப்பம்."

"ரஷ்யாக்காரன்ர நிலம் உருகிறதுக்கு நாங்கள் இருட்டில இருக்க வேணுமோ," என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா எண்ணெயைத் தந்தார். சில நாட்கள் பொழுது சாய முன்பே சாப்பிட்டுவிட்டு இருட்டில் கதைத்துக்கொண்டிருந்தோம். அம்மா அதைச் சொல்லிக்காட்டாமல் விடவில்லை. எண்ணெயைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

ஒரு தகரத் தட்டில் மணலைப் போட்டு, இளகிய எண்ணெயை ஊற்றிக் கலந்து, விடிய விடிய வெளியே இரவுப் பனியில் வைத்தோம். காலையில் தட்டு கல்லாக இருந்தது. அதன்மேல் களிமண்ணால் செய்த ஒரு சின்ன வீட்டை வைத்து வெயிலுக்கு இழுத்தோம். எண்ணெய் உருகியது, மணல் கறுத்து நனைந்தது. வீடு மட்டும் அசையாமல் நின்றது.

பாரம் காணாது என்று நினைத்தோம். அவள் தகப்பனிடம் போனாள். வலையின் அடியில் கட்டும் ஈயமணிகளில் சிலதைக் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் கொட்டிலின் முகட்டில் கட்டியிருந்த வலையை இறக்கி, கத்தியால் கயிற்றை அறுத்து, மணிகளை அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"திருப்பித் தரவேணும். கடலுக்குப் போகேக்க வேணும்," என்றார்.

கடல் இருந்த இடத்துக்குப் போகவே முடியாத வருடம் அது. அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

மணிகளை வீட்டுக்குள் வைத்து அடைத்தும் வீடு தாழவில்லை. இரண்டு பேருக்கும் ஆத்திரம் வந்தது. தட்டின் இரு பக்கத்திலும் குந்தியிருந்து அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் கொப்பியைத் திறந்து சேர் தந்த குறிப்பை வாசித்தேன். உறைநிலத்தில் பனி மண்ணோடு கலந்து மட்டும் இருப்பதில்லை, மண்ணுக்குள் தனிக் கட்டிகளாகவும் ஆப்புகளாகவும் இருக்கிறது என்று அதில் இருந்தது.

"நிப்பாட்டு," என்றாள் அவள். "திரும்ப வாசி."

வாசித்தேன்.

"மணல் மணலிலதான் நிக்குது. எண்ணெய் போனாலும் மணல் தாங்கும். அப்ப எண்ணெயைத் தனிக்கட்டியா வைக்கவேணும். அது போனா அந்த இடம் வெறும் இடம்."

அப்படியே செய்தோம். உறைந்த எண்ணெயைத் தகட்டால் வெட்டிக் கட்டிகளாக மண்ணுக்குள் புதைத்தோம். தட்டின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, வடியும் எண்ணெய்க்கு ஒரு சட்டியை வைத்தோம். வெயில் ஏறியதும் நிலத்தில் முதலில் ஒரு வெடிப்பு ஓடியது. பிறகு வீட்டின் ஒரு மூலை இறங்கியது. நாங்கள் கத்தவில்லை, கைகொட்டவில்லை. அது எங்களுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வீட்டை விட்டு வந்தவர்கள் நாங்கள் இருவரும்.

கண்காட்சி தை மாதத்தில் நடந்தது. உருகாமல் இருக்க, தட்டை நனைத்த சாக்கால் மூடி, வெள்ளெனவே மாட்டு வண்டிலில் கொண்டுபோனோம். எங்களுக்குத் தந்த இடம் கொட்டிலின் உள்மூலை. ஒரு துளி வெயிலும் விழாத இடம். அங்கே வைத்தால் பின்னேரம் வரைக்கும் சைபீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. மேசையின் இரு பக்கத்தையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம்.

அதிகாரி கண்டுவிட்டார். "ஆர் உங்களை வெளியில வைக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர்," என்றாள் அவள். "உள்ளுக்க வெயில் இல்லை. இதுக்கு வெயில் வேணும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சனம் மேசையைச் சூழ்ந்துவிட்டது. பக்கத்து முகாமிலிருந்து வந்த பெண்கள், தோட்ட வேலையிலிருந்து நேரே வந்தவர்கள், மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தட்டில் எங்கள் களிமண் வீடுகள் ஒரு தெருவாக நின்றன. அவள் சாக்கை எடுத்துவிட்டு விளக்கத் தொடங்கினாள். மண்ணுக்குள் உறைந்திருப்பது என்ன, அது எத்தனையோ காலமாக அந்த ஊர்களைத் தாங்கி நிற்பது எப்படி, தொழிற்சாலைகளும் வாகனங்களும் விடும் புகை பூமியை எப்படிப் போர்வைபோல் மூடிச் சூடாக்குகிறது என்றெல்லாம் சொன்னாள்.

"இப்ப இந்தச் சூடு கீழ இறங்க இறங்க," என்று அவள் தொடங்கியபோது விமானச் சத்தம் கேட்டது.

எவரும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. சனம் பள்ளிக்கூட வளவைச் சுற்றி வெட்டியிருந்த பங்கர்களுக்குள் இறங்கியது. நானும் அவளும் ஒரே குழிக்குள் விழுந்தோம். எனக்கு மேலே யாரோ ஒரு அம்மா தன் பிள்ளையைப் பிடித்தபடி இருந்தார். விமானம் வட்டமிட்டது. எங்கோ தொலைவில், மேற்குப் பக்கமாக, நிலம் இரண்டு முறை அதிர்ந்தது. மண் எங்கள் கழுத்துக்குள் கொட்டியது. பிறகு சத்தம் தேய்ந்து போய்விட்டது. உடனே எழும்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மேலே ஏறி வந்தபோது முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. மேசை மட்டும் வெயிலில் நின்றது. எங்கள் தெரு முழுவதும் குழிந்து போயிருந்தது. ஒரு வீடு கூரை மட்டும் தெரிய உள்ளே போய்விட்டது. இன்னொன்று பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று நாங்கள் வைத்திருந்தது, ஒருவரும் பார்க்காத நேரத்தில் தானாக நடந்து முடிந்துவிட்டது.

சனம் வீட்டுக்குப் போகப் புறப்பட்டது. எனக்கும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தது. அவள் தலைமயிரில் மண்ணோடு மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். கழுத்திலிருந்து வெளியே வந்திருந்த ஜெபமாலையைச் சட்டைக்குள் விட்டாள்.

"இப்ப இந்தச் சூடு கீழ இறங்க இறங்க," என்று விட்ட இடத்திலிருந்தே தொடங்கினாள், "கட்டியா இருக்கிற பனி தண்ணியாகி வடியும். அது இருந்த இடம் வெறுமையாகும். மேல இருக்கிற வீடு கீழ போகும். இந்தா, போயிட்டுது."

 அவள் நிறுத்தவில்லை. புறப்பட்டவர்களில் சிலர் திரும்பினார்கள். பிறகு இன்னும் சிலர். நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்று, உருகிய எண்ணெய் சேர்ந்திருந்த சட்டியைத் தூக்கிக் காட்டினேன்.  எண்ணெய் விளிம்பால் சிந்தியது.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டார். "அப்ப அந்தச் சனம் எங்க தங்கச்சி போறது?"

"இடம்பெயர வேணும் அக்கா. எங்களை மாதிரி," என்றாள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள். "எங்கட நிலம் அங்கயே கிடக்குது. ஒரு நாள் போவம். அவையின்ர நிலமே போகுது."

அந்தப் பெண் தட்டைப் பார்த்தபடியே நின்றார். "பாவம்," என்றார். அது நாங்கள் எதிர்பார்க்காத சொல். எங்களைப் பார்த்து மற்றவர்கள் சொல்லும் சொல் அது. அன்றுதான் எங்கள் பக்கத்திலிருந்து வேறு யாருக்கோ போவதைக் கேட்டேன்.

அதிகாரியும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அவருடைய வெள்ளைச் சேட்டின் முதுகு முழுவதும் பங்கர் மண். மேசையை உள்ளே கொண்டுபோகும்படி அவர் அதன்பிறகு சொல்லவில்லை.

முதல் பரிசு மலேரியா பற்றி வைத்த பள்ளிக்கூடத்துக்குப் போனது. அது சரியான முடிவுதான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் காய்ச்சலோடு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமை இரண்டு பள்ளிக்கூடங்கள் எங்களைக் கூப்பிட்டன. நாங்கள் சாக்கை நனைத்துக்கொண்டு போனோம். அதிகாரியிடம் அனுமதி கேட்கவில்லை.

இருவரும் சோதினையில் சித்தியடைந்தோம். சேர் சொன்னதுபோலவே வினாத்தாளில் குளிர்வலயம் வரவில்லை. பல்கலைக்கழகம் கிடைத்தபோது வீட்டிலும் அயலிலும் எல்லோரும் வேலை கிடைக்கும் பாடத்தை எடுக்கச் சொன்னார்கள். அவள் புவியியல்தான் என்றாள். நானும் அவளும் ஒன்றாகவே புறப்பட்டோம். அது இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு.

வவுனியாவுக்குள் போகும் இராணுவச் சாவடியில் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். அவளுடைய பைக்குள், உடுப்புகளுக்கு நடுவே, மடித்து வைத்த ஒரு பெரிய தாள் இருந்தது. உறைநிலத்தின் குறுக்குவெட்டு. அவள் வகுப்புக்கென்று கிழமைக்கணக்காக இருந்து வரைந்தது. அடுக்கடுக்கான மண், ஆப்பு ஆப்பாகப் பனி, கீழ்நோக்கிப் போகும் அம்புக்குறிகள், மேலே சரிந்த ஒரு வீடு. சோதித்த சிப்பாய் அதை விரித்ததும் முகம் மாறியது. தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டான்.

"இது எந்த இடத்துப் பங்கர்?" என்று அவன் கேட்டான்.

"பங்கர் இல்லை. நிலம். ரஷ்யாவில இருக்கு."

"ரஷ்யாவில உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"பிறகு ஏன் கீறினனி?"

"அது உருகுது. அதைப் படிக்கப் போறன்."

இரண்டு பேரும் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு தமிழ் தெரிந்தவன், கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றான். கையை நீட்டித் தகரப் பீப்பாவைக் காட்டினான்.

நான் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். கிழித்துவிடு, திரும்பக் கீறலாம் என்று காதுக்குள் சொன்னேன். அந்தச் சாவடியில் ஒரு தாளுக்காக எங்களைத் திருப்பி அனுப்பலாம், அதைவிடக் கூடாததும் நடக்கலாம். அவள் என் கையை மெதுவாக விலக்கினாள்.

"கிழிக்க மாட்டன்," என்றாள். "வேணுமெண்டா நீங்கள் கிழியுங்கோ. நான் கிழிக்க மாட்டன்."

அவன் கிழிக்கவில்லை. எங்களை ஓரமாகத் தகரக் கொட்டிலின் கீழ் இருத்தினார்கள். மற்றவர்கள் எல்லோரும் கடந்து போனார்கள். வெயில் ஏறியது. எனக்குப் பயத்தில் தாகம் எடுத்தது. அவள் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். 

மத்தியானம் அளவில் வயதான ஒரு அதிகாரி வந்து தாளை மேசையில் விரித்தார். ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். அவள் அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, பனி எங்கே இருக்கிறது, சூடு எப்படி இறங்குகிறது, வீடு ஏன் சாய்கிறது என்று விரலை வைத்துக் காட்டினாள். திக்கிய இடங்களில் நான் சொல் எடுத்துக் கொடுத்தேன். அவர் அம்புக்குறிகளைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். தண்ணீர் போகும் திசை என்றாள்.

 ரஷ்யா மிகவும் தூரம் என்றார் அவர்.

அவ்வளவு தூரமில்லை, எல்லோருக்கும் ஒரே வெயில்தான் என்றாள் அவள்.

 அவர் தாளை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, எங்கள் பயண அனுமதிப் பாஸில் முத்திரை குத்தும்படி சிப்பாயிடம் சொன்னார்.

பஸ்ஸில் இருக்கை கிடைத்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளை மடியில் விரித்தாள். வியர்வைக் கைகள் மாறி மாறிப் பிடித்ததில் மடிப்போரம் ஒரு அம்புக்குறி அழிந்திருந்தது. பஸ் குலுங்கிக்கொண்டு புறப்பட்டது. அவள் பென்சிலை எடுத்து, குலுக்கல் நிற்கும் இடங்களாகப் பார்த்து, அந்த அம்புக்குறியை மறுபடி கீறத் தொடங்கினாள்.